கட்டணம் குறைவு, வருகையும் குறைவு: இணைய யோகா வகுப்பு நடத்துவோருக்கான பிழை நீக்கும் வழிமுறை

மாதம் 300 ரூபாய்க்கோ 500 ரூபாய்க்கோ ஜூம் வழியாகக் காலை யோகா வகுப்பு நடத்துகிறவர்கள், ஆறு மாதம் கடந்ததும் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் நூற்றுக்கு மேல் பெயர்கள் இருக்கின்றன. காலை ஐந்தரை மணிக்குத் திரையில் இருபது முகங்கள்கூட இல்லை. அதற்கான காரணத்தையும் அவர்களே கையோடு வைத்திருப்பார்கள்: "காசு குறைவு, அதனால் மதிப்பில்லை." இந்தக் காரணம் சில குழுக்களில் சரியாக இருக்கும். பல குழுக்களில் இது தவறு. நோய் வேறிடத்தில் இருக்கும்போது கட்டணத்தை ஏற்றினால், ஒழுங்காக வந்துகொண்டிருந்தவர்கள் போய்விடுவார்கள், வராதவர்கள் பட்டியலில் தங்கிவிடுவார்கள். அதன்பின் பழைய கட்டணத்துக்குத் திரும்பினாலும் போனவர்கள் திரும்புவது அரிது.

எனவே கட்டணத்தைத் தொடுவதற்கு முன் அறிகுறியைச் சரியாகப் பார்க்க வேண்டும். உங்கள் குழுவில் தெரியும் அறிகுறி எதுவோ அந்தப் பகுதியை மட்டும் படித்தால் போதும். ஆனால் அடுத்து வரும் முதல் பகுதியை யாரும் தாண்டிச் செல்ல வேண்டாம். அது இல்லாமல் மற்றவை எல்லாம் ஊகம்தான்.

எதையும் மாற்றுவதற்கு முன்: வருகைப் பதிவு

சென்ற மாதத்தின் வருகையை ஒரு தாளில் எழுதுங்கள். ஜூமின் கட்டணக் கணக்கு வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு வகுப்புக்கும் பங்கேற்றவர் பட்டியலை இறக்கிக்கொள்ளலாம். இலவசக் கணக்கு என்றால் வகுப்பின் நடுவே ஒருமுறை திரையைப் படமெடுத்து வைத்தால் போதும். இதில் முதலில் தடுக்கி விழும் இடம், பெயருக்குப் பதிலாகக் கைபேசியின் மாடலோ "அப்பா போன்" என்பதோ தெரிவதுதான். உள்ளே வரும்போது தம் பெயரை மாற்றிக்கொள்ளும்படி ஒரு வாரம் தொடர்ந்து நினைவூட்டுங்கள். அதற்கு மேல் யாரும் மறப்பதில்லை.

மாதத்தில் 22 வகுப்புகள் என்று வைத்துக்கொண்டால், 12 நாளுக்குக் குறையாமல் வந்தவர்களை நிலையானவர்கள் என்றும், 4 முதல் 11 நாள் வந்தவர்களை விட்டுவிட்டு வருபவர்கள் என்றும், 3 நாளோ அதற்குக் குறைவாகவோ வந்தவர்களைப் பேருக்கு இருப்பவர்கள் என்றும் பிரியுங்கள். இந்த எல்லைகள் நான் கைப்பழக்கத்தில் வைத்துக்கொண்டவை. உங்கள் வகுப்பு வாரம் மூன்று நாள் என்றால் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று செய்திகள் வேண்டும்: சேர்ந்த நாள், கடைசியாகப் பணம் கட்டிய நாள், கட்டிய தொகை. இந்தத் தாளை மேசையில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

"சேர்கிறார்கள், பத்து நாள் கழித்து வருவதில்லை"

தாளில் தெரிவது: பேருக்கு இருப்பவர்களில் பெரும்பாலானோர் ஜனவரி முதல் வாரத்திலோ, ஜூன் 21 அன்று வரும் பன்னாட்டு யோகா தினத்தை ஒட்டியோ சேர்ந்திருப்பார்கள். குறைந்த கட்டணம் என்பதால் அதிகம் யோசிக்காமல் சேர்ந்தவர்கள் இவர்கள். "இவர்களிடம் 1,000 ரூபாய் வாங்கியிருந்தால் வந்திருப்பார்கள்" என்ற எண்ணம் இங்கேதான் பிறக்கிறது.

அந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஓஹையோ பல்கலைக்கழக நாடக அரங்கில் பருவச் சீட்டு வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலையான 15 டாலருக்கும், சிலருக்கு 2 டாலர் தள்ளுபடியிலும், சிலருக்கு 7 டாலர் தள்ளுபடியிலும் சீட்டு கொடுத்துப் பார்த்தார்கள். ஆர்க்ஸ், புளூமர் என்ற இருவர் 1985இல் வெளியிட்ட ஆய்வு இது. முழு விலை கொடுத்தவர்கள் பருவத்தின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். இரண்டாம் பாதியில் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. கொடுத்த காசு உறுத்துவது உண்மைதான், ஆனால் அந்த உறுத்தல் சில மாதங்களில் ஆறிவிடுகிறது.

கென்யாவில் கருவுற்ற பெண்களுக்குக் கொசுவலை கொடுத்துச் செய்யப்பட்ட ஆய்வு 2010இல் வெளிவந்தது. விலை கொடுத்து வாங்கியவர்கள் இலவசமாகப் பெற்றவர்களைவிட அதிகமாக வலையைப் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை. ஆனால் மிகச் சிறிய விலை வைத்தபோதே வாங்க வந்தவர்களின் எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது. அதே ஆண்டில் வெளியான ஜாம்பியா ஆய்வு, வீட்டுக் குடிநீரில் கலக்கும் கிருமிநாசினியைப் பற்றியது. அதிக விலை தர முன்வந்தவர்களே அதை அதிகம் பயன்படுத்தினார்கள். ஆயினும் பணம் கொடுத்தது என்னும் செயலால் மட்டும் பயன்பாடு கூடியதாகத் தெரியவில்லை. இவற்றையெல்லாம் யோகா வகுப்புக்கு அப்படியே பொருத்த முடியாது என்றாலும் ஒன்று பிடிபடுகிறது: வாசலில் நிற்பவரைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வைக்கும் வேலையைக் கட்டணம் செய்யும், உள்ளே வந்தவரைத் தினமும் காலை ஐந்து மணிக்கு எழுப்பிவிடும் வேலையை அதனிடம் எதிர்பார்க்க முடியாது.

செய்ய வேண்டியது: வாசலில் நிறுத்தி யோசிக்க வைப்பதற்குப் பணத்துக்குப் பதிலாக வருகையை வையுங்கள். முதல் ஆறு வகுப்புகள் இலவசம். அவற்றில் நான்குக்காவது வந்தவர்களுக்கு மட்டுமே மாதக் கட்டணம் செலுத்தும் லிங்க் அனுப்பப்படும். வராதவர்களை ஒரு சொல்லும் கடியாமல், அடுத்த தொகுதி தொடங்கும் நாளைச் சொல்லி அனுப்பிவிடுங்கள். இதில் முதலிரண்டு மாதம் வருமானம் குறையும். ஆனால் கையில் காசில்லாத, மனத்தில் உறுதியுள்ள ஒருவரை இந்த வாசல் தடுக்காது. கையில் காசுள்ள, புத்தாண்டு உற்சாகத்தில் மட்டும் வந்த ஒருவரை இது வடிகட்டிவிடும். கட்டண உயர்வு செய்வது இதற்கு நேர் எதிரானது.

இன்னொன்று, எப்போது வேண்டுமானாலும் சேரலாம் என்பதை நிறுத்துங்கள். மாதத்தின் முதல் திங்கட்கிழமை மட்டும் புதியவர்கள் சேர்ந்தால், ஒருவருக்கொருவர் துணையாக ஏழெட்டுப் பேர் ஒன்றாகத் தொடங்குவார்கள். நடுமாதத்தில் தனியாக நுழைந்தவர் சூரிய நமஸ்காரத்தின் ஐந்தாம் நிலையில் எந்தக் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் கேமராவை அணைப்பார், மறுநாள் வரமாட்டார்.

"பணம் கட்டிய மாதம் வருகிறார்கள், பிறகு தேய்பிறை"

தாளில் தெரிவது: ஆண்டுக் கட்டணமோ அரையாண்டுக் கட்டணமோ செலுத்தியவர்களின் வருகை முதலிரண்டு மாதம் நிமிர்ந்து நின்று, பிறகு சரிந்து, அடுத்த தவணை கட்டியதும் மீண்டும் நிமிர்கிறது.

இது உங்கள் குழுவின் தனிக்குறை இல்லை. அமெரிக்காவின் கொலராடோவில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தின் பதிவுகளைப் பார்த்த கோர்வில், சோமன் என்ற ஆய்வாளர்கள் இதே வடிவத்தைக் கண்டார்கள்: பணம் கட்டியதும் வருகை உயர்கிறது, கட்டிய நினைவு மங்க மங்க வருகையும் மங்குகிறது, மாதந்தோறும் கட்டியவர்களின் வருகையோ ஏற்ற இறக்கம் குறைவாக இருந்தது. "ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் இரண்டு மாதம் இலவசம்" என்ற சலுகை நடத்துபவரின் கைக்கு முன்கூட்டியே பணத்தைக் கொண்டுவருகிறது. உறுப்பினரின் வருகைக்கு அது உதவுவதில்லை.

செய்ய வேண்டியது: ஆண்டுச் சலுகையை நீக்கி மாதக் கட்டணத்துக்கு வாருங்கள். மாதந்தோறும் பணம் கேட்பது கூச்சமாக இருக்கிறது என்றால் மூன்று மாதத் தவணை வரை போகலாம். அதற்கு மேல் வேண்டாம். ஏற்கெனவே ஆண்டுக்குக் கட்டியவர்களுக்கு ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும், "இம்மாதத்துக்கான உங்கள் 400 ரூபாய் இன்று கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது, சென்ற மாதம் நீங்கள் 9 வகுப்புகளுக்கு வந்தீர்கள்" என்று இரண்டு வரி அனுப்புங்கள். மறந்துபோன பணம் மறுபடி நினைவுக்கு வரும்.

தவணை நாளைத் தேர்வதில் ஊர்ப்புத்தி வேண்டும். சம்பளம் வரும் 1ஆம் தேதி முதல் 7ஆம் தேதிக்குள் கேட்பது நல்லது. ஜூனில் பள்ளிக் கட்டணம், புத்தகம், சீருடை என்று வீட்டுப் பணம் முழுக்கக் கரையும். மூன்று மாதத் தவணை ஜூனில் வந்து விழும்படி வைத்தால், யோகாவின் மீது எந்தக் குறையும் இல்லாதவர்களையும் இழப்பீர்கள். தீபாவளிக்கு முந்தைய இரு வாரங்களும் அப்படியே. (மார்கழியில் வருகை குறைந்தால் கவலைப்பட வேண்டாம். விடியற்காலையில் எழும் பழக்கமுள்ளவர்களை அந்த ஒரு மாதம் கோயிலும் கோலமும் எடுத்துக்கொள்கின்றன. தை பிறந்ததும் அவர்களே திரும்பிவிடுவார்கள்.)

"வருவதில்லை, ஆனால் பணம் மட்டும் வந்துகொண்டிருக்கிறது"

இதை யாரும் பிழையாகவே எண்ணுவதில்லை என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. வருமானக் கணக்கு அழகாக இருக்கும். தாளிலோ பேருக்கு இருப்பவர்களின் பட்டியல் நீண்டுகொண்டே போகும்.

அமெரிக்காவில் மூன்று உடற்பயிற்சிக் கூடங்களின் 7,752 உறுப்பினர்களின் பதிவுகளை ஆராய்ந்த டெல்லாவினாவும் மல்மெண்டியரும் 2006இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 முறையே வந்தார்கள். அதாவது ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் செலவிட்டார்கள். அதே கூடத்தில் பத்து வருகைக்கான சீட்டு வாங்கியிருந்தால் ஒரு வருகைக்கு 10 டாலர்தான். நாளை முதல் ஒழுங்காக வருவோம் என்று எல்லோரும் நம்பியதே இதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது.

அந்த நம்பிக்கையின் மேல் தொழில் நடத்துவது அங்கேயும் இங்கேயும் நடக்கிறது. ஆனால் நம் நாட்டில் அது நெடுநாள் ஓடாது. 2020இல் வந்த யூபிஐ ஆட்டோபே மூலம் மாதக் கட்டணத்தைத் தானாக எடுத்துக்கொள்ளலாம் என்றாலும், பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு வாடிக்கையாளருக்கு அறிவிப்பு போக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மூன்று மாதம் வராத ஒருவருக்கு மாதந்தோறும் அந்தக் குறுஞ்செய்தி, "வராத வகுப்புக்குக் காசு போகிறது" என்றே சொல்லிக்கொண்டிருக்கும். ஒரு நாள் அவர் சினத்தோடு நிறுத்துவார். நிறுத்தும்போது தம்முடன் சேர்ந்த தோழியையும் அழைத்துக்கொண்டு போவார். நிறுத்தும் வழியை மறைத்து வைத்துத் தப்பிக்கலாம் என்று எண்ணுவோருக்கு ஒரு சொல்: 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், சந்தாவிலிருந்து வெளியேற முடியாதபடி சிக்கவைப்பது தடைசெய்யப்பட்ட ஏமாற்று உத்திகளில் ஒன்றாக இடம்பெற்றிருக்கிறது.

செய்ய வேண்டியது: அவர் எழுதுவதற்கு முன் நீங்கள் எழுதுங்கள். அடுத்தடுத்த இரண்டு மாதங்களிலும் மாதத்துக்கு மூன்று நாளோ அதற்குக் குறைவாகவோ வந்தவருக்கு, கட்டணத்தை நிறுத்தி வைக்கட்டுமா என்று கேட்டு ஒரு தனிச்செய்தி அனுப்புங்கள். "நிறுத்துகிறேன்" என்பதைவிட "விடுப்பில் இருக்கிறேன்" என்பது அவருக்கும் எளிது. விடுப்பில் இருப்பவரைக் குழுவிலிருந்து நீக்காதீர்கள். திரும்பி வரும்போது பழைய கட்டணமே செல்லும் என்றும் சொல்லிவிடுங்கள். வராதவர் தரும் பணத்தை நான் வருமானமாக எண்ணுவதில்லை. திருப்பித் தர வேண்டிய நாள் குறிக்கப்படாத கடன் என்றே எண்ணுகிறேன்.

"கட்டணத்தை ஏற்றினேன், வந்துகொண்டிருந்தவர்கள் போய்விட்டார்கள்"

இந்த நிலைக்கு வந்தவர்களின் தாளைப் பார்த்தால் வேதனையாக இருக்கும். விலகியவர்களில் பாதிக்கு மேல் நிலையானவர்களாக இருப்பார்கள்: ஓய்வூதியம் பெறும் பெரியவர்கள், இல்லத்தரசிகள், சிறுகடை வைத்திருப்பவர்கள். தங்கியவர்களில் பலர் மாதம் மூன்று நாள் எட்டிப்பார்க்கும், 900 ரூபாயைக் கணக்கில் கொள்ளாத அலுவலகத்தினர்.

காரணம் எளிது. கொடுக்கும் மனம் வேறு, கொடுக்கும் வசதி வேறு. கட்டணம் இரண்டையும் பிரித்துப் பார்க்காது. மாதம் 20 நாள் வரும் ஒரு பெண்மணி தம் கைச்செலவிலிருந்து 300 ரூபாயை யாரையும் கேட்காமல் கட்டியிருப்பார்; 900 ரூபாய்க்கு வீட்டில் ஒருவரிடம் கேட்க வேண்டும், கேட்டால் "யூடியூபில் சும்மாவே கிடைக்கிறதே" என்ற பதில் வரும். அவர் உங்களிடம் காரணம் சொல்லமாட்டார். "இடுப்பு வலி, கொஞ்ச நாள் கழித்து வருகிறேன் மேடம்" என்று எழுதுவார்.

எண்ணிக்கையில் இது எப்படி ஏமாற்றும் என்பதைப் பாருங்கள். 100 பேர், தலைக்கு 300 ரூபாய் என்றால் வரவு 30,000. அதை 900 ஆக்கி 40 பேர் தங்கினால் வரவு 36,000. வெற்றி போலத் தெரியும். முன்பு நிலையாக வந்த 22 பேரில் 12 பேர் போயிருந்தால், இப்போது திரையில் தினமும் இருப்பவர்கள் பத்துப் பேர்தான். கூட்டமாகச் செய்கிறோம் என்ற உணர்வில் வந்துகொண்டிருந்த அந்தப் பத்துப் பேருக்கும் வெற்றுத்திரை அலுக்கத் தொடங்கும். அடுத்த சரிவு அவர்களிடமிருந்து வரும்.

செய்ய வேண்டியது, ஏற்கெனவே ஏற்றிவிட்டவர்களுக்கு: சென்ற ஆறு மாதத்தில் நிலையாக வந்து விலகியவர்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழையுங்கள். செய்தி அனுப்ப வேண்டாம், பேசுங்கள். பழைய கட்டணத்திலேயே தொடரலாம், மாதம் 12 நாள் வரும்வரை அது மாறாது என்று சொல்லுங்கள். இதைச் சலுகை என்று சொல்லாதீர்கள். வகுப்பைத் தாங்கி நிறுத்துபவர் அவர் என்பது உண்மையாதலால் அதையே சொல்லலாம்.

இனி ஏற்ற இருப்பவர்களுக்கு: ஒரே கட்டணத்துக்குப் பதிலாக மூன்று படிகள் வையுங்கள். எடுத்துக்காட்டாக 300, 600, 1,000. மூவருக்கும் ஒரே வகுப்பு, ஒரே லிங்க், ஒரே கவனிப்பு. எந்தப் படி என்பதை உறுப்பினரே தேர்வார். வருமானச் சான்று, காரணம் எதுவும் கேட்கக் கூடாது. ஒவ்வொரு படிக்கும் எதிரே ஒரு வரி விளக்கம் மட்டும் இருக்கட்டும்: 600 ரூபாய் என்பது உங்கள் இடத்துக்கான முழுச் செலவு, 1,000 ரூபாய் கட்டுபவர் இன்னொருவரின் இடத்திலும் பாதிக்கு மேல் தாங்குகிறார், 300 ரூபாய் கட்டுபவருக்காக மறுபாதி ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கிறது. எல்லோரும் 300 ரூபாயையே தேர்ந்துவிடமாட்டார்களா என்ற அச்சம் நியாயமானது. சிலர் தேர்வார்கள். நடுப்படியை முதலில் காட்டி, அதுவே உண்மைச் செலவு என்று எழுதி வைத்தால், கட்ட முடிந்தவர்களில் பெரும்பாலோருக்கு அதற்குக் கீழே கைநீட்ட மனம் வருவதில்லை. மொய் எழுதும்போது பக்கத்து வீட்டார் எழுதியதற்குக் குறையாமல் எழுதும் மனம்தான் இங்கும் வேலை செய்கிறது.

வெளிநாட்டு உறுப்பினர்களைப் பற்றி ஒரு சொல். நாட்டைப் பார்த்து விலை வைத்தால், கோயம்புத்தூரில் இருக்கும் தங்கை கட்டிய தொகையை டொராண்டோவில் இருக்கும் அக்காள் ஒரே நாளில் தெரிந்துகொள்வார். அதற்குப் பதிலாக நேரத்தைப் பார்த்து விலை வையுங்கள். இங்கு காலை ஐந்தரை என்பது சிங்கப்பூரில் காலை எட்டு, டொராண்டோவில் கோடைக்காலமானால் முந்தைய இரவு எட்டு. அந்த வகுப்பில் அவர்களும் கலந்துகொள்ளலாம், மூன்று படிகளில் எதையும் தேரலாம். அவர்களுக்கென்று தனி நேரத்தில் தனி வகுப்பு வேண்டும் என்றால் அதன் விலை வேறு. இந்த வேறுபாட்டை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

"இலவச இடம் கொடுத்தேன், அதைப் பெற்றவர்கள்தான் முதலில் வருவதை நிறுத்தினார்கள்"

"இலவசம் என்றால் மதிப்பில்லை" என்று முடிவுகட்டும் முன், வகுப்பு நேரத்தில் அவர் கையில் கைபேசி இருக்கிறதா என்று கேளுங்கள். பல வீடுகளில் நல்ல கைபேசி ஒன்றுதான். அது முதல் ஷிப்டுக்குப் போகிறவரோடு போய்விடும். நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் ரீசார்ஜில் ஒரு மணி நேர நேரலை வகுப்பு கணிசமான பங்கைத் தின்றுவிடும், பிறகு மாலையில் பிள்ளையின் பாடத்துக்கு இருக்காது. பாய் விரிக்க இடமில்லாத ஒற்றை அறையைக் கேமராவில் காட்டக் கூசுகிறவர்களும் உண்டு. இவற்றில் எதற்கும் கட்டணத்தோடு தொடர்பில்லை.

செய்ய வேண்டியது: இலவச இடத்தில் வருபவர்களுக்கென்று தனிப்பெயர் வைக்காதீர்கள், தனி லிங்க் கொடுக்காதீர்கள். கேமராவை அணைத்துக்கொண்டும் வரலாம் என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லுங்கள். படம் இல்லாமல் குரலை மட்டும் கேட்டுச் செய்யக்கூடியபடி வாரம் ஒரு வகுப்பையாவது நடத்துங்கள். தரவும் மிஞ்சும், கண்பார்வை மங்கிய முதியவர்களுக்கும் அது உதவும். ஏதாவது கொடுத்தால்தான் மனம் ஒப்பும் என்பவரிடம், எவ்வளவு முடியும் என்று கேட்டு அவர் சொல்லும் தொகையை, அது 50 ரூபாயே என்றாலும், மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

"அபராதம் வைத்தேன், வராமை கூடிவிட்டது"

இஸ்ரேலின் ஹைஃபா நகரக் குழந்தைகள் காப்பகங்களில், பிள்ளையை அழைத்துச் செல்லத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் விதித்துப் பார்த்தார்கள். தாமதம் கூடியது. அபராதத்தை நீக்கிய பிறகும் அது குறையவில்லை. க்னீசி, ருஸ்டிகினி என்ற இருவர் 2000ஆம் ஆண்டில் எழுதிய இந்த ஆய்வு சொல்வதைக் கல்யாண வீட்டில் எவரும் ஒப்புக்கொள்வார்கள்: காத்திருக்கும் ஒருவரைக் காக்கவைத்த கூச்சத்தை, ஒரு சிறுதொகை கட்டித் தீர்த்துக்கொள்ள வழிசெய்தால் பலர் தீர்த்துக்கொள்வார்கள். வராத நாளுக்கு 20 ரூபாய் என்றால், 20 ரூபாய்க்குத் தூக்கம் கிடைக்கிறது.

செய்ய வேண்டியது: அபராதத்தை நீக்குங்கள். பணத்தைப் பணயம் வைத்தால்தான் நான் எழுவேன் என்று தாமாகச் சொல்பவர்கள் சிலர் இருப்பார்கள். அவர்களுக்கு மட்டும் முன்வைப்புத் தொகை முறை உண்டு. எடை குறைப்பில் இதைச் சோதித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2008இல் வந்தது: சொந்தப் பணத்தை முன்வைத்தவர்கள் 16 வாரங்களில் சராசரியாக 14 பவுண்டு குறைத்தார்கள், முன்வைக்காதவர்கள் 3.9 பவுண்டு. ஆய்வு முடிந்த பின் குறைந்த எடையில் பெரும்பகுதி திரும்பிவிட்டது. புகைப்பழக்கத்தை விடச் செய்யும் 2015ஆம் ஆண்டு ஆய்வில், வெகுமதி மட்டும் தரும் திட்டத்தை 90 விழுக்காட்டினர் ஏற்றார்கள். முன்பணம் கட்டச் சொன்ன திட்டத்தை ஏற்றவர்கள் 13.7 விழுக்காட்டினரே. மருந்து வேலை செய்கிறது, விழுங்க முன்வருபவர்கள் குறைவு. எல்லோர் வாயிலும் திணித்தால் குழு கலைந்துவிடும்.

ஒரு மண்டலம், அதாவது 48 நாள், என்று வையுங்கள். விரதக் கணக்கு என்பதால் உறுப்பினர்களுக்கு அதை விளக்க வேண்டியிருக்காது. 500 ரூபாய் முன்வைப்பு. 36 நாள் வந்தால் முழுத்தொகையும் திரும்பும். மீதி 12 நாளுக்குக் காரணம் கேட்கக் கூடாது. காய்ச்சல், மாதவிலக்கு, துக்கம், ஊர்ப்பயணம் எல்லாம் அந்தப் பன்னிரண்டுக்குள் அடங்கும். ஒவ்வொன்றையும் குழுவில் சொல்லி விலக்குக் கேட்கும் நிலை எவருக்கும் வரக் கூடாது. அறுவை சிகிச்சை முடிந்தவர்கள், கருவுற்றிருப்பவர்கள், மூட்டு வலிக்கு மருத்துவம் பார்ப்பவர்கள் ஆகியோரை இத்திட்டத்தில் சேர்க்காதீர்கள்: பணம் போய்விடும் என்று வலியோடு ஆசனம் செய்பவரை அந்தப் பக்கத் திரையிலிருந்து உங்களால் தடுக்க முடியாது. திரும்பாத தொகை உங்கள் கைக்கு வரக் கூடாது. குறைந்த கட்டணத்தில் சேர்ந்தவர்களின் இடங்களுக்கு அது போகும் என்பதை முதல் நாளே எழுதி வையுங்கள். வராதவரால் ஆசிரியருக்கு ஆதாயம் என்ற ஐயம் ஒருமுறை எழுந்தால் பிறகு தீராது.

"குழுவில் பேச்சு நிறைய, பாயில் ஆள் இல்லை"

வாட்ஸ்அப் குழுவில் இன்று 1,024 பேர் வரை சேர்க்க முடியும். அவ்வளவு பேர் இருக்கும் இடத்தில் ஒருவர் வராததை யார் பார்ப்பார்கள்? காலை வணக்கப் படங்களுக்கும் மூலிகைக் குறிப்புகளுக்கும் குறைவிருக்காது. இந்த அறிகுறிக்கும் கட்டணத்துக்கும் தொடர்பில்லை என்றாலும், கட்டணத்தின் மேல் பழிபோடப்படும் குழுக்களில் இதுவே மிகுதியாகக் காணப்படுகிறது என்பது என் எண்ணம்.

தெருவில் நடக்கும் சீட்டை எண்ணிப் பாருங்கள். இருபது பேர் இருபது மாதம் தவறாமல் பணம் கட்டுகிறார்கள். எழுத்தில் எதுவும் இருக்காது, தொகையும் சிறியதில்லை. கட்டாவிட்டால் எதிர்வீட்டு அக்காவின் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் அங்கே பிணை. காலையில் எழுவதற்கும் அதுபோல் ஒரு முகம் வேண்டும். ஆசிரியரின் முகம் போதாது. அவர் பணம் வாங்குபவர், அவர் கேட்டால் வசூலுக்குக் கேட்பதாகவே தோன்றும்.

செய்ய வேண்டியது: எட்டுப் பேருக்கு ஒரு சிறுகுழு. ஒரே மாதத்தில் சேர்ந்தவர்கள் ஒரே சிறுகுழுவில் இருப்பது நல்லது. ஒவ்வொரு சிறுகுழுவிலும் ஒருவர் ஒரு மாதத்துக்கு வருகை பார்ப்பவர். அடுத்த மாதம் வேறொருவர். அவர் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: இரண்டு நாள் தொடர்ந்து வராதவருக்கு, "நேற்றும் முந்தாநாளும் உங்களைக் காணோமே அக்கா, உடம்புக்கு ஒன்றுமில்லையே?" என்று தனியாகக் கேட்பது. குழுவில் எல்லோர் முன்னும் கேட்கக் கூடாது. பதில் வந்தாலும் வராவிட்டாலும் மறுமுறை கேட்க வேண்டாம். வருகை பார்க்கும் மாதத்தில் அவரே ஒரு நாளும் தவறமாட்டார் என்பது இதில் கிடைக்கும் உபரி.

வகுப்பின் ஒளிப்பதிவை நிரந்தரமாக விட்டுவைக்கும் வழக்கத்தையும் இங்கே பார்க்க வேண்டும். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பதற்கு அதைவிட நல்ல சாக்கு இல்லை. 48 மணி நேரத்தில் அது நீங்கட்டும். இரவுப் பணி செய்வோருக்கு மட்டும் ஒரு வாரம்.

"பாதி வகுப்பில் மறைந்துவிடுகிறார்கள்"

ஜூமின் இலவசக் கணக்கில் குழு வகுப்பு 40 நிமிடத்தில் துண்டிக்கப்படும். மறுபடி லிங்க்கைத் தட்டி உள்ளே வரச் சோம்பல்பட்டுப் பலர் கடைசியில் வரும் சவாசனத்தைத் தவறவிடுகிறார்கள். அவர்களுக்கு வகுப்பு முற்றுப்பெறாததாகவே தோன்றும். கட்டணக் கணக்கு எடுங்கள், அல்லது வகுப்பை 38 நிமிடத்தில் முடியுங்கள். வேறு ஆராய்ச்சி தேவையில்லை.

"வருகை நன்றாக இருக்கிறது, நடத்துபவர் ஓய்ந்துவிட்டார்"

மேலே சொன்ன எதுவும் பொருந்தாமல், திரை நிறைந்திருந்தும் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்கவில்லை என்றால், இப்போதுதான் கட்டணத்தைத் தொட வேண்டிய நேரம். கணக்கை இப்படிப் போடுங்கள். வகுப்பு நேரத்தோடு, செய்திகளுக்குப் பதில் சொல்லும் நேரம், பணம் வந்ததா என்று பார்க்கும் நேரம், புதியவர்களிடம் பேசும் நேரம் அனைத்தையும் கூட்டுங்கள். ஒரு மணி நேர வகுப்புக்குப் பின்னால் இன்னொரு மணி நேரம் ஒளிந்திருப்பதைக் காண்பீர்கள். இந்த உழைப்புக்கு மாதம் எவ்வளவு கிடைத்தால் ஓராண்டு மனநிறைவோடு நடத்துவீர்களோ அந்தத் தொகையை எழுதுங்கள். ஜூம், இணையம், ஒளிவிளக்கு போன்ற செலவுகளை அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இப்படிக் கூட்டி வந்த தொகையை நிலையானவர்களின் எண்ணிக்கையால் மட்டும் வகுத்துப் பாருங்கள். குழுவில் உள்ள மொத்தப் பெயர்களால் வகுக்காதீர்கள். 20,000 ரூபாய் உழைப்பு, 3,000 ரூபாய் செலவு, நிலையானவர்கள் 30 பேர் என்றால் தலைக்கு ஏறத்தாழ 767 ரூபாய். அதுவே உங்கள் நடுப்படி.

அந்தத் தொகை உங்கள் உறுப்பினர்களுக்கு அதிகம் என்று பட்டால், விட்டுவிட்டு வருபவர்களில் பத்துப் பேரை நிலையானவர்களாக்கிவிட்டு மறுபடி வகுத்துப் பாருங்கள்: 575 ரூபாய்க்கு இறங்கிவிடும். அந்தப் பத்துப் பேரை எழுப்பும் வேலை சிறுகுழுக்களுடையது. அதற்கு இரண்டு மாதம் கொடுத்துவிட்டு, தாளை மீண்டும் எழுதி, அதன் பிறகே புதிய கட்டணத்தை அறிவியுங்கள். அறிவிப்புக்கும் நடைமுறைக்கும் இடையே ஒரு முழு மாதம் இருக்கட்டும், அந்த மாதம் ஜூனாக இருக்க வேண்டாம்.